பேரக்குழந்தையோடு சாய்ந்தாடும் பொம்மை செய்தல்: ஒரு முழுமையான வழிகாட்டி

பேரன் பேத்தியோடு சேர்ந்து காகிதக் கூழில் ஒரு பொம்மை செய்ய விரும்பும் தாத்தா பாட்டிகளுக்காக இதை எழுதுகிறேன். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைப் போல, தள்ளிவிட்டால் சாய்ந்து தானாகவே நிமிர்ந்து நிற்கும் பொம்மை இது. எங்கள் குடியிருப்பில் பல தாத்தா பாட்டிகளோடு உட்கார்ந்து இதைச் செய்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கூழ் கெட்டுப்போவதற்கான காரணங்கள் சிலவே. கூடி விளையாடும் நேரம் கெட்டுப்போவதற்கான காரணங்கள்தாம் மிகுதி. பொம்மை அழகாக வந்தும், குழந்தை பாதியிலேயே எழுந்து போய்விட்ட வீடுகள் உண்டு.

எத்தனையோ கைவேலைகள் இருக்க இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. இந்தப் பொம்மை சரியாக இருக்கிறதா இல்லையா என்பதை அதுவே சொல்லிவிடும்: எழுந்து நின்றால் சரி, விழுந்து கிடந்தால் ஏதோ மாற வேண்டும். திருத்தும் பொறுப்பைப் பொம்மையே ஏற்றுக்கொள்வதால், பெரியவர் ஆசிரியராக இருக்க வேண்டிய தேவை நீங்குகிறது. அந்தப் பொறுப்பு நீங்கிய பிறகுதான் நமக்கு விளையாட வருகிறது. கீழே உள்ள படிகளின் வரிசை இதை மனத்தில் கொண்டு அமைந்தது. அதை மாற்ற வேண்டாம்.

1. காலம், வயது, இடம்

கூழ் காய்வதற்குத் தொடர்ந்து மூன்று நான்கு நாள் நல்ல வெயில் வேண்டும். தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது மேலே காய்ந்ததுபோல் தோன்றும் கூழ் உள்ளே ஈரமாகவே இருந்து பூஞ்சை பிடிக்கும். ஏப்ரல், மே மாதப் பள்ளி விடுமுறை மிகவும் ஏற்றது. கொலுவில் வைக்கும் எண்ணம் இருந்தால் ஆகஸ்ட் மாதமே தொடங்குவது நல்லது.

ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இந்த வேலை பொருந்தும். அதற்கும் சிறிய குழந்தைகள் கூழை வாயில் வைக்கக்கூடும் என்பதால், அவர்களுக்குத் தாள் கிழிக்கும் வேலையை மட்டும் கொடுக்கலாம்.

ஒரே நாளில் முடிக்க முயல்வது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஒதுக்கி, ஒவ்வோர் அமர்வையும் அரைமணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை சலித்துப்போன பிறகு நிறுத்தாமல், அது இன்னும் ஆர்வமாக இருக்கும்போதே நிறுத்தினால், மறுநாள் அதுவே வந்து உங்களை எழுப்பும்.

தரையில் பழைய போர்வையை விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் தாழ்வான முக்காலியில் உட்காரலாம், நாற்காலி வேண்டாம். உங்கள் கண்ணும் குழந்தையின் கண்ணும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். உயரத்திலிருந்து பார்ப்பவர் தம்மை அறியாமலேயே மேற்பார்வை செய்யத் தொடங்கிவிடுகிறார்.

2. வேண்டிய பொருட்கள்

பொம்மை இரண்டு செய்ய வேண்டும்: குழந்தைக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. ஒரே பொம்மையில் இருவரும் கை வைத்தால், தேர்ந்த கை சிறிது நேரத்தில் முழு வேலையையும் எடுத்துக்கொள்ளும். குழந்தை வேடிக்கை பார்க்கும் நிலைக்குத் தள்ளப்படும். உங்களுக்கென்று தனியாக ஒன்று இருந்தால் உங்கள் கை அதில் ஓயாமல் இருக்கும். குழந்தையின் பொம்மைப் பக்கம் நீளாது.

இரண்டு பொம்மைகளுக்கு ஏறக்குறைய 150 கிராம் நாளிதழ்த் தாள் வேண்டும். முழுதாக விரித்த பெரிய தாள்கள் எட்டு என்று கொள்ளலாம். வழவழப்பான வார இதழ்த் தாள் நீரை எளிதில் உறிஞ்சாது என்பதால் அதைச் சேர்க்காதீர்கள். மூன்று மேசைக்கரண்டி வெந்தயம், ஒரு கிண்ணம் மைதாப் பசை, களிமண் கால் கிலோ, பழைய பருத்தி வேட்டித் துணி, பழைய திருமண அழைப்பிதழ் அட்டைகள், ஒட்டும் நாடா, ஃபெவிகால், போஸ்டர் வண்ணங்கள், தூரிகைகள், உப்புத்தாள் ஆகியவை மற்றவை.

அச்சுக்கு, 10 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பந்தைப் பெரியவர் இரண்டாக வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் இருக்கும் எவர்சில்வர் கிண்ணத்தைப் பலர் எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலான கிண்ணங்களின் அடி தட்டையாக இருக்கும்; தட்டையான அடியில் பொம்மை அப்படியே உட்கார்ந்துவிடும், ஆடாது.

முறத்தின் இடுக்குகளை அடைக்கக் காகிதமும் வெந்தயமும் சேர்த்து அரைத்துப் பூசி மெழுகிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கலவை புதிதன்று. வெந்தயம் ஊறினால் வழவழப்பான பசையை விடும். அதுதான் காகித நாரைப் பிடித்து நிறுத்துகிறது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் சிலருக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாது என்பதால், அப்படிப்பட்ட வீட்டில் வெந்தயத்தை விட்டுவிட்டு மைதாப் பசையை மட்டும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில் துத்தம் கலக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அது நஞ்சு, குழந்தை கை வைக்கும் கூழில் அதைச் சேர்க்கவே கூடாது.

3. தாளைக் கிழித்தல்

தாளைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழிக்க வேண்டும். கிழித்த விளிம்பில் நார் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் நீர் விரைவாக ஏறும், கூழும் ஒன்றோடொன்று நன்றாகப் பிணையும். தபால்தலை அளவு போதுமானது.

இந்தப் படியைப் பெரியவர்கள் முன்கூட்டியே தனியாக முடித்து வைத்துவிடுகிறார்கள்; குழந்தைக்கு இது சலிப்பாக இருக்கும் என்று எண்ணுகிறார்கள். உண்மையில், கிழிக்கக் கூடாது என்று எப்போதும் சொல்லி வளர்க்கப்படும் குழந்தைக்கு, கிழிக்கலாம் என்ற அனுமதியே பெரிய விளையாட்டு. நீளவாக்கில் கிழித்தால் தாள் நேராகக் கிழிகிறது, குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகிறது என்பதைக் குழந்தைகள் பலர் தாமாகவே கண்டுபிடித்துச் சொல்கிறார்கள். ஆலையில் தாள் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிவதுதான் அதற்குக் காரணம். காரணத்தை உடனே சொல்லிவிடாமல், "அப்படியா? எனக்கும் காட்டு" என்று கேட்டு நீங்களும் கிழித்துப் பாருங்கள். இத்தனை ஆண்டுகள் நாளிதழ் படித்தும் நாம் கவனிக்காத ஒன்றை அங்கே கவனிக்கிறோம்.

கிழித்ததைச் சுடுநீரில் போட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். சுடுநீர் ஊற்றுவது பெரியவர் வேலை. வெந்தயத்தையும் அன்றிரவே வேறொரு பாத்திரத்தில் ஊறவையுங்கள்.

4. அரைத்தலும் பிழிதலும்

மறுநாள் கறுத்த நீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். மிக்ஸியில் ஒரு கைப்பிடித் தாளுக்கு ஜாடியின் முக்கால் அளவு நீர் என்ற கணக்கில், விட்டுவிட்டு ஓடவிட்டு அரைக்க வேண்டும். நீர் குறைந்தால் மோட்டார் சூடேறிப் புகையும். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய ஜாடியாக இருப்பது நல்லது, அச்சு மை உணவில் சேரக் கூடாது.

அரைத்ததை வேட்டித் துணியில் ஊற்றிப் பிழியுங்கள். முறுக்கும் வேலையைக் குழந்தையிடம் ஒரு முனை, உங்களிடம் ஒரு முனை என்று பிரித்துக்கொண்டால் இருவருக்கும் சிரிப்பு தாங்காது. பிழிந்த நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள். நார் குழாயை அடைத்துவிடும். செடிகளுக்கடியில் ஊற்றலாம்.

வெந்தயத்தை விழுதாக அரைத்து, பிழிந்த கூழோடு சேர்த்து, மைதாப் பசையைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைப் போல உருட்ட வர வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. நீர் அதிகமானால் காயும்போது சுருங்கி வெடிக்கும். பசை குறைந்தால் உதிரும்.

5. எதுவும் செய்யாமல் ஒரு நாள்

கூழ் தயாரானவுடன் அச்சில் இடத் தோன்றும். அன்று வேண்டாம். கூழில் ஒரு பங்கை எடுத்து வைத்து, அந்த அமர்வு முழுவதும் அதை உருட்டவும், தட்டவும், குத்தவும், பிய்க்கவும் மட்டும் பயன்படுத்துங்கள். முடிந்ததும் மறுபடியும் உருண்டையாக்கி, மூடிய டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம்.

இந்த நாளைப் பெரும்பாலோர் வீண் என்று கருதித் தாண்டிவிடுகிறார்கள். இந்த முழு வேலையிலும் தாண்டக் கூடாத படி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. நம் கைகள் பயனுக்காகவே பழக்கப்பட்டவை. ஒன்றைத் தொட்டவுடன் அது என்னவாக ஆக வேண்டும் என்ற கணக்கு நமக்குள் ஓடத் தொடங்குகிறது. குழந்தையின் கை முதலில் அந்தப் பொருள் என்னவெல்லாம் செய்யும் என்று பார்க்கிறது: விரலை விட்டால் பள்ளம் நிற்கிறது, சீப்பை அழுத்தினால் கோடு விழுகிறது, சுவரில் எறிந்தால் ஒட்டுகிறது. அதற்குப் பிறகுதான் உருவம் வருகிறது.

அன்று நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: குழந்தை கூழை என்ன செய்கிறதோ அதை உங்கள் கூழில் அப்படியே செய்து பாருங்கள். அது தட்டினால் தட்டுங்கள். யோசனை சொல்லாதீர்கள். "இது என்ன?" என்றும் கேட்காதீர்கள். இன்னும் எதுவாகவும் ஆகாத ஒன்றுக்குப் பெயர் கேட்டால், குழந்தை அவசரமாக ஒரு பெயரைச் சொல்லி அதோடு தேடுதலை நிறுத்திக்கொள்ளும். பேசத் தோன்றினால், "இது எங்கே போகுது?" என்று கேளுங்கள். அதற்குக் கதைதான் பதிலாக வரும்.

6. அடிப்பகுதியும் காயவைத்தலும்

பந்தின் பாதியின் உட்புறத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, கூழை அரை சென்டிமீட்டர் கனத்துக்கு உள்ளே அழுத்திப் பரப்புங்கள். உட்புறத்தில் இடுவதால் பொம்மையின் வெளிப்பக்கம் வழுவழுப்பாக வரும். கூழ் காயும்போது சுருங்கித் தானே அச்சை விட்டு விலகும். கனம் கூடினால் நடுவில் ஈரம் தங்கும். எங்கும் ஒரே கனம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் வேலையைக் குழந்தையிடம் விடுங்கள். சிறு விரல்கள் இதில் நம்மைவிடக் கூர்மையானவை.

முதல் நாள் நிழலிலும், பிறகு இரண்டு மூன்று நாள் வெயிலிலும் காய வேண்டும். தொடக்கத்திலேயே வெயிலில் வைத்தால் மேல்பரப்பு முந்திக் காய்ந்து விரிசல் விடும். காய்ந்துவிட்டதா என்று அறிய, எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, அந்த ஈரம் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி உண்டாகிறது. இந்தச் சோதனை குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். பலமுறை கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள், விட்டுவிடுங்கள்.

காத்திருக்கும் நாட்களில் அட்டைக் கூம்பைத் தயாரிக்கலாம். அழைப்பிதழ் அட்டையைச் சுருட்டி, கீழ்வாய் அடிப்பகுதியின் விளிம்புக்குப் பொருந்துமாறு நாடாவால் ஒட்டுங்கள். கூம்பின் உயரம் 10 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம்.

7. எடை வைத்தலும் தள்ளிப் பார்த்தலும்

காய்ந்த அடிப்பகுதியின் நடுவில், பெரிய எலுமிச்சை அளவு, அதாவது 100 கிராம் களிமண்ணை அழுத்தி வையுங்கள். களிமண் காயும்போது சுருங்கிக் கழன்றுகொள்ளும் என்பதால், அதன்மேல் பசை தோய்த்த தாள் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிப் பிணைக்க வேண்டும். ஆனால் இன்றே பிணைக்காதீர்கள். முதலில் சோதனை.

அடிப்பகுதி அரைக்கோளம். பொம்மையின் மொத்த எடை எந்த இடத்தில் திரண்டிருக்கிறதோ, அந்தப் புள்ளி அரைக்கோளத்தின் மையத்துக்குக் கீழே இருக்கும்வரை பொம்மை எழும், மேலே போய்விட்டால் விழும். நம் அளவில் அந்த மையம் தரையிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய விளிம்பு மட்டத்தில் இருக்கிறது. பெரியவருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். இதைக் குழந்தைக்கு முன்கூட்டிச் சொல்லக் கூடாது.

கூம்பை நாடாவால் தற்காலிகமாகப் பொருத்துங்கள். இனிக் குழந்தை வேண்டியதை வைக்கட்டும்: தும்பிக்கை, கொம்பு, மூட்டை, தொப்பி, இறக்கை. ஒவ்வொன்றையும் நாடாவால் மட்டும் ஒட்டி, உடனே தள்ளிப் பார்க்க வேண்டும். பொம்மை எழாவிட்டால் குழந்தை உங்களைப் பார்க்கும். அந்த நேரத்தில் பதில் சொல்லாமல், மனத்துக்குள் இருபது வரை எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் பெரும்பாலான குழந்தைகள் ஏதாவது செய்யத் தொடங்கிவிடுவார்கள்: இன்னும் கொஞ்சம் களிமண் வைப்பார்கள், தொப்பியைப் பிய்த்துச் சிறிதாக்குவார்கள், மறுபக்கத்திலும் ஓர் இறக்கை ஒட்டுவார்கள். மூன்றும் சரியான வழிகளே.

நான்காவது வழி ஒன்றை ஒரு சிறுமியிடம் கற்றுக்கொண்டேன். பெரிய தும்பிக்கை ஒட்டிய அவளுடைய யானை எழுந்து நின்றது, ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது. அவளுடைய தாத்தா களிமண்ணை நகர்த்தி நேராக்கக் கை நீட்டினார். "விடுங்க தாத்தா, அது ஒட்டுக் கேக்குது" என்றாள். உடனே சாய்ந்த பக்கத்தில் பெரிய காது ஒன்றையும் ஒட்டினாள். குறை என்று நாம் சரிசெய்யப் போன சாய்வு, அந்த யானையின் குணமாகிவிட்டது. அன்றுமுதல், எதையும் சரிசெய்வதற்கு முன் "இப்படி நிற்பதற்கு இதற்கு என்ன காரணம் இருக்கும்?" என்று ஒருமுறை கேட்டுவிடும்படி எல்லாத் தாத்தா பாட்டிகளிடமும் சொல்கிறேன். குழந்தை காரணம் சொன்னால் அப்படியே இருக்கட்டும். நேராக்க வேண்டும் என்று குழந்தையே சொன்னால், களிமண்ணைச் சாய்வுக்கு எதிர்ப்பக்கம் நகர்த்தச் சொல்லலாம்.

உங்கள் பொம்மையையும் இதே அமர்வில் சோதியுங்கள். அதில் என்ன ஒட்டுவது என்று குழந்தை கட்டளையிடட்டும். நம் யோசனைக்கு எட்டாத ஒன்றை அது சொல்லும்: பாட்டி பொம்மைக்கு வால், காவல்காரருக்கு நான்கு காது. மறுக்காமல் ஒட்டிப் பாருங்கள். ஒட்டிய பிறகு அந்த உருவம் வேறு யாராகவோ மாறுவதைக் காண்பீர்கள். அடுத்து என்ன வைக்கலாம் என்ற யோசனை அப்போது உங்களுக்கே தோன்றும். எனக்குத் தெரிந்தவரை, பெரியவர்களுக்குள் விளையாட்டுப் புத்தி திரும்புவது இந்தக் கட்டத்தில்தான். அது அறிவுரையால் வருவதில்லை; இன்னொருவரின் விநோதமான கட்டளையை உண்மையாக நிறைவேற்றிப் பார்க்கும்போது வருகிறது.

சோதனை முடிந்து இருவருக்கும் நிறைவு ஏற்பட்ட பிறகே களிமண்ணைத் தாளால் பிணைத்து, கூம்பை மூடி, ஒட்டுப்பகுதி முழுவதும் பசை தோய்த்த தாள் துண்டுகளை இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். மூடுவதற்கு முன் களிமண் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லையேல் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

8. முகம் அமைத்தல்

மூக்கு, காது, கன்னம் ஆகியவற்றை புதிதாகப் பிசைந்த சிறிது கூழால் மெல்லிதாக அமைக்கலாம். கூழ் ஒட்டும் இடத்தில் முதலில் பசை தடவுங்கள். காய்ந்த பரப்பில் ஈரக் கூழ் தானாகப் பிடிக்காது.

தொடங்குவதற்கு முன் பொம்மையை முக்காலியின்மேல் வைத்துவிட்டு, இருவரும் தரையில் படுத்துப் பாருங்கள். படுக்க இயலாதவர்கள் பொம்மையைத் தலைக்குமேல் உயர்த்திப் பார்க்கலாம். நாம் முகம் என்றால் முன்பக்கம் என்று முடிவுசெய்துவிடுகிறோம். குழந்தைகளோ பெரியவர்களின் முகங்களை நாள்தோறும் கீழிருந்தே பார்ப்பதால், தாடையின் அடிப்பக்கமும் மூக்குத்துளையும் அவர்களுக்கு முகத்தின் முக்கியப் பகுதிகள். குழந்தை மூக்குத்துளையைப் பெரிதாகக் குத்தினால் அது தவறு அன்று, கண்டதைச் செய்கிறது.

உங்கள் பொம்மையின் முகத்தைப் பழகாத கையால் அமையுங்கள். பழகிய கை, ஆண்டுக்கணக்கில் கோலத்திலும் நோட்டுப்புத்தகத்திலும் போட்டுப் பழகிய அதே கண்ணையும் அதே மூக்கையும்தான் போடும். மற்றக் கையால் செய்யும்போது ஒவ்வோர் அழுத்தத்தையும் பார்த்துத்தான் செய்ய வேண்டியிருக்கும். அதோடு, உங்கள் வேலையும் குழந்தையின் வேலையும் ஒரே தரத்தில் அமைவதால் ஒப்பீடு எழாது. தாத்தாவின் பொம்மை மிக அழகாக வந்துவிட்டதைக் கண்டு தன்னுடையதைத் தூக்கி எறிந்த குழந்தைகளும் உண்டு.

9. வண்ணம்

முழுவதும் காய்ந்ததும் பெரியவர் வீட்டுக்கு வெளியே வைத்து உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். தூசியைக் குழந்தை சுவாசிக்கக் கூடாது. பிறகு சாக்பீஸ் தூள், ஃபெவிகால், நீர் மூன்றையும் கலந்து வெள்ளைப் பூச்சு ஒன்று கொடுங்கள். இது இல்லாவிட்டால் சாம்பல் நிறக் கூழ் வண்ணத்தை உறிஞ்சி மங்கச் செய்துவிடும்.

வண்ணம் தீட்டும்போது பெரியவர் வாயிலிருந்து மிக எளிதாக வந்துவிடும் சொல் "யானை பச்சையாவா இருக்கும்?" என்பது. கேள்வியாகச் சொன்னாலும் அது திருத்தம்தான். ஒரு நிறம் காய்ந்த பிறகு அடுத்ததை வையுங்கள் என்ற தொழில்நுட்பக் குறிப்பைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். எந்த நிறம் என்பதில் தலையிட வேண்டாம். கடைசியில் நீர் கலந்த ஃபெவிகால் பூச்சு போதும். வார்னிஷ் அடிப்பதானால் குழந்தை இல்லாத நேரத்தில், காற்றோட்டமான இடத்தில் பெரியவர் மட்டும் அடிக்க வேண்டும்.

10. முடிந்த பிறகு செய்யக் கூடாதவை, செய்ய வேண்டியவை

குழந்தை தூங்கிய பிறகு கோணலான கண்ணைத் திருத்துவது, வழிந்த வண்ணத்தைத் துடைப்பது ஆகியவற்றைத் தயவுசெய்து செய்யாதீர்கள். காலையில் அது நிச்சயமாகக் கண்டுபிடித்துவிடும். தன் வேலை போதவில்லை என்ற முடிவுக்கும் வந்துவிடும். வேலையின் நடுவே ஓயாமல் கைப்பேசியில் படம் எடுப்பதையும் தவிர்க்கலாம். படத்துக்காக நிமிரும் குழந்தை, செய்துகொண்டிருந்ததை மறந்துவிடுகிறது.

பொம்மையை அலமாரிக்குள் பூட்டாமல், தரையில் தள்ளி விளையாட விடுங்கள். காது உடைந்தால் புதுக்கூழ் வைத்து ஒட்டலாம். அடியில் விரிசல் விட்டால் பசை தோய்த்த தாள் துண்டு போதும். மழைக்காலத்தில் மட்டும் ஈரச் சுவருக்கு அருகில் வைக்க வேண்டாம்.

மீந்த கூழ் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் தாங்கும், அதன்பிறகு புளித்து நாறும். அதற்குள் பயன்படாது என்று தெரிந்தால், சிறு வில்லைகளாகத் தட்டி வெயிலில் காயவைத்து டப்பாவில் போட்டுவையுங்கள். அடுத்த விடுமுறையில் சுடுநீரில் ஊறவைத்து, சிறிது மைதாப் பசை சேர்த்துப் பிசைந்தால் மறுபடியும் கூழாகிவிடும்.